பன்னிரண்டே முக்கால் வோல்ட்

கையில் ஆசிட் பட்டால் பாண்டிமீனா பதற மாட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, எரிச்சல் அடங்கும்வரை கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நிற்பாள். சேலைக்கு மேலே அவள் போட்டிருக்கும் காக்கிச் சட்டையில் எண்ணிப் பார்த்தால் நாற்பது பொத்தலாவது இருக்கும். எல்லாம் ஆசிட் தின்றது. அதற்கெல்லாம் அசராதவளுக்கு, யாராவது ஒரு காகிதத்தையும் பேனாவையும் சேர்த்து நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றால் மட்டும் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

அதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது, அவள் அப்பா கூலிக்குப் போன தோட்டத்தில் பம்புசெட் மோட்டார் காணாமல் போனது. விசாரணைக்குத்தான், சும்மா ஒரு கைநாட்டு என்று சொல்லி, போலீஸ்காரர்கள் வெள்ளைத் தாளில் அவருடைய பெருவிரலை உருட்டி எடுத்தார்கள். அந்தத் தாளில் பிறகு என்ன எழுதினார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. மறுநாள் வீட்டுக்கு வந்து பிடித்துப் போனார்கள்; நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தார். மோட்டாரை எடுத்தது தோட்டக்காரரின் மச்சான்தான் என்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்து என்ன செய்ய? தாளில் இருந்தது இவருடைய விரல்.

உசிலம்பட்டி ரோட்டில், செக்கானூரணிக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கொட்டகை போட்ட ஒரு ஷெட் இருக்கிறது. ஒரே முதலாளிக்குச் சொந்தமான ஏழு மினி பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்பிச் சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய்வரும். ஆறு வருடத்துக்கு முன்னால் பாண்டிமீனா அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த ஆறாவது மாதம், பேட்டரி பார்த்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓசூருக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. பேட்டரிகள் தண்ணீர் வற்றிக் கிடந்தன. போர்மேன் விருமாண்டி ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "வெளக்குமாத்த வச்சுட்டு இதுல தண்ணிய ஊத்து" என்றார். அன்றைக்கு ஊற்ற ஆரம்பித்தவள்தான்.

அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். புதுப் பேட்டரியோடு பெட்டிக்குள் மடித்து வரும் காகிதத்தை மற்றவர்கள் கசக்கி எறிவார்கள். அவள் எடுத்துப் படித்தாள். பழைய ஆள் விட்டுப் போயிருந்த, உள்ளே மிதவை ஆடும் கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தாள். அடர்த்தி ஆயிரத்து இருநூற்று ஐம்பது காட்டினால் சுகம், ஆயிரத்து நூற்றிருபதுக்கு இறங்கினால் ஆள் காலி என்று பிடிபட்டது.

பேட்டரியைப் பார்க்க அந்த ஷெட்டில் ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் இரண்டு வயரை உரசிப் பார்ப்பார். பொறி பெரிதாகப் பறந்தால் பேட்டரி ஜோர். இன்னொருவர் ஹாரனை அழுத்திப் பார்ப்பார். விருமாண்டி மீட்டரை வைப்பார்; பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரெஜிஸ்டரில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இது எதுவும் பாண்டிமீனாவுக்குச் சரியாகப் படவில்லை. அவள் ஊர்க் கண்மாய் வண்டல் மேவி ஆழமில்லாமல் கிடக்கிறது. நல்ல மழை பெய்தால் நிரம்பி வழிந்து மறுகால் பாயும். கரையில் நின்று பார்க்கிறவன் கண்மாய் நிறைந்துவிட்டது என்பான். மடையைத் திறந்த மூன்றாம் நாள் தரை தெரியும். பேட்டரியும் அப்படித்தான். மீட்டர் காட்டுவது மேல்மட்டத்தை. உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பது, திறந்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் அவளாக ஒரு முறை வைத்துக்கொண்டாள். ஒரு பலகையில் பழைய ஹெட்லைட் பல்பு இரண்டை அடித்து, அவற்றைப் பேட்டரியில் மாட்டி எரியவிட்டு, மீட்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தரை வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நேரம் ஆகிறதோ அதுதான் அந்தப் பேட்டரியின் உயிர். நல்ல பேட்டரி எட்டு மணி நேரத்துக்கு மேலே நிற்கும். நான்கு மணி நேரம் நின்றால் பாதி. டிரைவர்கள் கேலி செய்வார்கள். "என்னத்தா, கல்யாண வீட்டுக்கு சீரியல் லைட்டு போடுறியா?" ஆனாலும் அவள் சொன்ன நாளில் சொன்ன வண்டி, சாவியைத் திருகியும் செல்ப் எடுக்காமல் நிற்கும்போது கேலி செய்தவர்களே அவளைத் தேடி வந்தார்கள்.

ரெஜிஸ்டரில் மட்டும் அவள் பெயர் கிடையாது. சம்பளம் கூட்டுகிறவளுக்குரிய சம்பளம். கையெழுத்து விருமாண்டியின் கையெழுத்து. அது அநியாயம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காகிதத்தில் தன் பெயர் இல்லாமல் இருப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

ஐந்தாம் நம்பர் வண்டியின் பேட்டரி ஆவணி மாதமே போய்விட்டது. பல்பு போட்டுப் பார்த்தாள். கால் மணி நேரம் நிற்கவில்லை. விருமாண்டியிடம் சொன்னாள். "பாப்போம்" என்றார். புரட்டாசியில் மறுபடி சொன்னாள். ஆயுத பூஜை வந்தது. ஏழு பேட்டரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஐந்தாம் நம்பர் பேட்டரிக்குத் தனியாக ஒரு மாலை. சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிற கல்லுக்கும் பொட்டு. ஏழு பூசணிக்காய் உடைந்தன. புதுப் பேட்டரி ஒன்றுகூட வரவில்லை.

அந்தக் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றாலும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு, டீசல் மிச்சம். அணைத்தால் செல்ப் எடுக்காது. அது பேட்டரியின் நிலைமை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய டிரைவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஊர் நிறுத்தத்திலும் எந்த இடம் சரிவு என்று பார்த்து, வண்டியைக் கீழ்நோக்கி நிறுத்திவிடுவார்கள். கண்டக்டர் குதித்து முன்சக்கரத்துக்கு அடியில் கல்லைக் கொடுப்பார். கிளம்பும்போது கல்லை எடுத்தால் வண்டி தானே உருளும். இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்தச் சரிவில் ஹேண்ட் பிரேக் மட்டும் தாங்காது. கல்தான் காவல்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, ராத்திரி பெய்த மழையில் ஊறியிருந்த ரோட்டோர மண்ணில் கல் வழுக்கிவிட்டது. ஊத்துப்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்கில் டிரைவர் முத்திருளன் டீக்கடை வாசலில் நின்றிருந்தான். ஐந்தாம் நம்பர் வண்டி ஆளில்லாமல் உருண்டு இருபதடி போனது. கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த தங்கப்பொண்ணு எழுந்திருப்பதற்குள் வலது காலின்மேல் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முத்திருளனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. "செல்ப் எடுக்காத வண்டி சார், அதான் மேட்டுல நிறுத்துனேன்" என்று அவன் வாக்குமூலம் கொடுத்திருந்தான்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து, எதையும் கழற்றக் கூடாது என்று சொல்லி, ஷெட்டிலேயே நிறுத்தினார்கள். பேட்டரியின் நம்பரைக்கூட எழுதிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்றார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் விருமாண்டி கூப்பிட்டார்.

"ஏ பாண்டிமீனா, இங்க வா. கையத் தொடச்சுட்டு வா."

மேசையில் ஒரு ரெஜிஸ்டர் விரித்து வைத்திருந்தது. புது வாசனை அடித்தது.

"என்னண்ணே, புது நோட்டு?"

"பழசு மழையில ஊறிப் போச்சு. அதைப் பாத்து இதுல எழுதியிருக்கு. ஒன் பேரு எங்க எங்க இருக்கோ அங்கல்லாம் ஒரு கையெழுத்தப் போடு."

அவள் குனிந்து படித்தாள். தேதி, வண்டி எண், வோல்ட், நிலை. கடைசிக் கட்டத்தில், பக்கத்துக்குப் பக்கம், 'சோதித்தவர்: பாண்டிமீனா, பேட்டரி செக்கர்'. ஐந்தரை வருடமாக அவள் செய்த வேலைக்கு அன்றைக்குத்தான் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். படித்ததும் ஒரு கணம் மனசு குளிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த கணம் ஐந்தாம் நம்பருக்கு நேரே கண் போனது. ஆவணி: நன்று. புரட்டாசி: நன்று. ஐப்பசி முதல் வாரம்: மிக நன்று.

"அண்ணே, அஞ்சாம் நம்பரு போச்சுன்னு ஆவணியிலயே ஒங்ககிட்ட சொன்னேன்ல."

"சொன்ன. இல்லைன்னா சொன்னேன்? எழுதிக் குடுத்தியா?"

அந்த நேரம் பார்த்து முதலாளி சூரியபிரகாஷ் உள்ளே வந்தான். முப்பது வயதுக்காரன், அப்பா செத்த பிறகு பொறுப்புக்கு வந்தவன். அவளை இதுவரை 'இந்தா' என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"அக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க" என்றான். "நம்ம பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. டிரைவரு சோம்பேறித்தனத்துல மேட்டுல நிறுத்திட்டான். அம்புட்டுதான். அடுத்த மாசத்துலருந்து ஒங்களுக்கு பேட்டரி செக்கர் சம்பளமே போட்டுருவோம்."

'அக்கா' என்ற அந்தச் சொல்தான் அவளை நடுங்கவைத்தது.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்ணே" என்றாள் விருமாண்டியிடம்.

"இம்புட்டு நாளா ஆசிட் ஊத்துறப்ப வீட்டுல கேட்டுட்டா ஊத்துன?" என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரெஜிஸ்டரை மூடினார். "திங்கக்கிழம அவரு வரதுக்குள்ள போட்டுரணும். இல்லைன்னா ஒன்னைய எப்படி எழுதணும்னு எங்களுக்குத் தெரியும்."

அவள் புருஷன் கருப்பு தேங்காய் லோடு ஏற்றுகிறவன். ராத்திரி அவனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"போட்டா என்னைக்காச்சும் உள்ள போவ. போடலைன்னா இப்பவே வெளிய போவ" என்றான். "எது தேவல?"

"ரெண்டும் எனக்குத்தானா? அவங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"திங்கக்கிழம வேலைக்குப் போகாத. காச்சல்னு சொல்லு."

"போகலைன்னா பயந்து ஓடிட்டான்னு சொல்லி, எம்பேருல அவங்களே கிறுக்கிக்குவாங்க."

படுத்தபடி அவள் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால், பேட்டரி நன்றாக இருந்தது என்று ஆகும். முத்திருளன் பொய் சொன்னான் என்று ஆகும். அவன் ஜெயிலுக்குப் போவான். கையெழுத்துப் போட்டு, பிறகு எவனாவது பேட்டரியைச் சரியாகச் சோதித்துவிட்டால், பொய் எழுதியவள் இவள் என்று ஆகும். போடாமல் உண்மையைச் சொன்னால், 'பேட்டரி செக்கர்' என்று இவள் பெயர்தான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. செக் பண்ணுகிறவள் ஏன் சும்மா இருந்தாய் என்று அவள் கழுத்தில்தான் கை வைப்பார்கள். எந்தப் பக்கம் புரண்டாலும் அவள் பெயர் இருந்தது.

மறுநாள் காலை முத்திருளனின் மனைவி ஜெயக்கொடி வந்தாள். பாண்டிமீனாவின் தெருவுக்குள் அவர்கள் சாதி ஆட்கள் வருவதில்லை. கூலிக்குக் கூப்பிட வந்தாலும் தெருமுனையில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஜெயக்கொடியும் முனையில்தான் நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, நேராக நடந்து வாசல்வரை வந்தாள்.

"ஏத்தா, ஒனக்குத் தெரியுமாமே. அந்த வண்டி பேட்டரி செத்துப் போச்சுன்னு நீ சொன்னதா அவரு சொல்றாரு."

பாண்டிமீனா கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக. நான் ஒன்கிட்ட பொய் சொல்லச் சொல்லல. இருக்கிறத சொல்லுன்னுதான் கேக்குறேன்."

"இருக்கிறத சொன்னா என்னைய யாருக்கா பாப்பாக?" என்றாள் பாண்டிமீனா. "ஒங்க ஆளுகளா வருவாக?"

ஜெயக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினாள். போகும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டாள். செம்பை வாங்கிக் குடித்தாள். முகம் கோணவில்லை. ஒரு மனுசி தண்ணீர் குடிப்பதைக்கூட உற்றுப் பார்க்கும்படி நம்மை வைத்திருக்கிறார்களே என்று பாண்டிமீனாவுக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலிலும் பயம் குறையவில்லை.

சாயங்காலம் விருமாண்டி போன் செய்து வரச் சொன்னார். போனாள். ஐந்தாம் நம்பர் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டச் சொன்னார்.

"கழட்டக் கூடாதுன்னுல்ல சொன்னாக?"

"கழட்டச் சொல்லல. இருக்கிற எடத்துலயே மாட்டு. விடியுற வரைக்கும் ஏறட்டும். காலைல மீட்டர் பன்னெண்டே முக்கால் காட்டணும். அம்புட்டுதான் ஒன் வேல."

மாட்டினாள். மாட்டாமல் வந்திருக்கலாம். சொன்னதைச் செய்து பழகிய கை. கிளிப்பைக் கடிக்கவிட்டபோது அது இரும்பில் உரசிப் பொறி தெறித்தது.

"பாத்தியா, என்னா பொறி" என்றார் விருமாண்டி. "இதையா செத்துப் போச்சுன்ன?"

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். பெயர் பீமாராவ். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வாட்சைப் பார்ப்பது அவர் வழக்கம் போலிருந்தது. பிரேக்கைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். பாண்டிமீனா விளக்குமாற்றை வைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள். அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ரெஜிஸ்டரை விருமாண்டி இரண்டு முறை நீட்டினார். ஆசிட் கை, கழுவிவிட்டு வாரேன் என்று இரண்டு முறையும் நழுவியிருந்தாள். மூன்றாம் முறை நீட்டுவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

"செல்ப் எடுக்கலைன்னு டிரைவர் சொல்றாரு" என்றார் பீமாராவ்.

"அவன் சொல்லுவான் சார். நீங்களே போட்டுப் பாருங்க."

ஆய்வாளர் ஏறிச் சாவியைத் திருகினார். இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. ஷெட் அதிர்ந்தது. விருமாண்டி மீட்டரை எடுத்து வைத்துக் காட்டினார். இன்ஜினை அணைத்த பிறகும் பன்னிரண்டே முக்கால்.

"நல்லாத்தான இருக்கு" என்று பீமாராவ் எழுதத் தொடங்கினார்.

பேனா தாளில் ஓடுவதை அவள் பார்த்தாள். இன்னும் இரண்டு வரியில் முடிந்துவிடும். முடிந்தால் அவளுக்கும் ஒருவிதத்தில் நிம்மதி. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அப்படித்தான் நினைத்தாள். ஆனால் 'நன்று' என்று அந்த மனிதர் எழுதப் போவது அவள் ஐந்தரை வருடமாகக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு அறிந்த ஒன்றுக்கு நேர் எதிரானது. அது அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பயத்தைவிட ஒரு மயிரிழை அதிகமாக.

"சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி, "சார், அது வோல்ட்டு."

பீமாராவ் திரும்பினார்.

"அது மேல்மட்டம் சார். ராத்திரி பூரா சார்ஜ் போட்டதுனால காட்டுது. கெப்பாசிட்டி பாக்கணும்னா லோடு குடுத்துப் பாக்கணும் சார். அரை மணி நேரம் போதும்."

விருமாண்டி பதறாமல் சிரித்தார். "சார், அது கூட்டுற பொம்பள. கொஞ்சம் ஒரு மாதிரி. நீங்க எழுதுங்க."

"கூட்டுறவங்களா?" பீமாராவ் கண்ணாடியைக் கீழே இறக்கினார். மேசையில் இருந்த ரெஜிஸ்டரைப் புரட்டினார். "ஒம் பேரு என்னம்மா?"

"பாண்டிமீனா சார்."

"பேட்டரி செக்கர் பாண்டிமீனான்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கு. வேற பாண்டிமீனா இருக்காங்களா இங்க?"

விருமாண்டி ரெஜிஸ்டரை வாங்கக் கை நீட்டினார். பீமாராவ் கொடுக்கவில்லை.

"இவங்கதான் செக்கர்னா இவங்க சொல்றதக் கேக்கணும். இவங்க கூட்டுறவங்கன்னா இந்த ரெஜிஸ்டர் பொய். எது உண்மை, போர்மேன்?"

"அது வந்து சார்... ரெண்டும் பாக்கும் சார்."

"இதுல ஒரு கையெழுத்துகூட இல்லையே."

"நான் போடல சார்" என்றாள் பாண்டிமீனா. "முந்தாநாள் எழுதுன நோட்டு சார் இது."

அதைச் சொல்லும்போது தூணைப் பிடித்துக்கொண்டாள். பீமாராவ் வாட்சைப் பார்த்தார். "அரை மணி நேரம்" என்றார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு.

பலகையைத் தூக்கிவந்து பல்புகளை மாட்டினாள். இரண்டும் வெளேரென்று எரிந்தன. மீட்டர் பன்னிரண்டு காட்டியது. ஐந்து நிமிடம் ஆனது. பதினொன்று எண்பது. பல்பின் வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை. விடிய விடிய ஏறிய சார்ஜ், தாங்கிவிட்டால்? ஒரு மணி நேரம் நின்றுவிட்டால்? பழைய பேட்டரி சில நேரம் அப்படியும் செய்யும். நின்றுவிட்டால் அவள் பைத்தியக்காரி, பொய் சொன்னவள், தடயத்தைக் கலைத்தவள். அப்பாவின் பெருவிரல் நினைவுக்கு வந்தது. மை காயாமல் வீட்டுக்கு வந்து, மண்ணில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த விரல்.

சூரியபிரகாஷ் வந்து சேர்ந்தான். யாரோ போன் செய்திருக்க வேண்டும். "சார், சாப்பாடு ரெடியா இருக்கு, வந்துருங்க. அது பாட்டுக்கு எரியட்டும்" என்றான். பீமாராவ் எழுந்திருக்கவில்லை. "எரியறதப் பாக்கத்தான் உக்காந்துருக்கேன்" என்றார்.

பத்து நிமிடம். பதினொன்றரை. விருமாண்டி அவள் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "ஒன் புருசன் எந்தத் தோப்புல லோடு ஏத்துறான்னு எனக்குத் தெரியும்" என்றார். அவள் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது.

பதினாறாவது நிமிடம் மூன்றாவது அறை குமிழி விட ஆரம்பித்தது. மற்ற ஐந்தும் அமைதியாக இருந்தன. அவள் குனிந்து, "இது சார், இந்த ஒரு செல்லு. இதுதான் ஆவணியில போனது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் எண்கள் சரிந்தன. பதினொன்று. பத்து எழுபது. பல்பு மஞ்சளானது. பத்து நாற்பது. பிறகு ஒன்பதில் போய் நின்றது. பல்புக் கம்பி செக்கச்செவேலென்று, வெளிச்சமில்லாமல், தெரிந்தது.

"பத்தொம்போது நிமிசம்" என்றாள். "புதுசுன்னா எட்டு மணி நேரத்துக்கு மேல நிக்கும் சார்."

பீமாராவ் எழுந்து மறுபடி வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினார். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அவர் முதலில் எழுதிய தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு புதுத் தாள் எடுத்தார். பேட்டரியைக் கழற்றி முத்திரை வைக்கச் சொன்னார். ரெஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டார். பாண்டிமீனாவிடம், ஸ்டேஷனில் கூப்பிடுவார்கள், வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். "தனியா வராத. ஒரு வக்கீலோட வா. ஒம் பேர எழுதி வச்சிருக்கிற நோட்டு ஒனக்கும் ஆபத்துதான்" என்றார். ஆறுதலாக அவர் சொன்னது அவ்வளவுதான். அது ஆறுதல் இல்லை என்பதும் அவளுக்குப் புரிந்தது.

ஜீப் போன பிறகு விருமாண்டி அவளைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துச் சொல்வது போல, "நாளையிலிருந்து கூட்டுறதுக்கு வேற ஆளு" என்றார். அவள் காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. அது அவள் காசு போட்டு வாங்கியது.

ரோட்டில் நடக்கும்போது பின்னால் பைக் சத்தம் கேட்டால் ஒதுங்கி நின்றாள். மூன்று பைக்குகள் கடந்து போயின, மூன்றிலும் அவளுக்குத் தெரியாத யாரோ. முத்திருளன்மேல் போட்ட வழக்கு இன்றோடு கரைந்துவிடாது; அவள் வேலை திரும்பி வராது; தங்கப்பொண்ணுக்குக் கால் முளைக்காது. கருப்புக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. தோப்பில் இருக்கும்போது எடுக்க மாட்டான் என்று தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டாள். நான்காவது முறை எடுத்து, "என்னடி?" என்றான். "ஒண்ணுமில்ல, இன்னைக்கி தனியா வராத, லோடுமேன் கூட்டத்தோடயே வா" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் அதே முதலாளியின் இரண்டாம் நம்பர் வண்டி நின்றிருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது. மூக்கு சரிவைப் பார்த்திருந்தது. முன்சக்கரத்துக்கு அடியில் கல். வண்டியின் முன்னால், அது விரித்த நிழலில், மூன்று பெண்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டியின் பேட்டரி பாதிகூட இல்லை.

"அக்கா, அங்க உக்காராதீக. எந்திரிச்சு இங்கிட்டு வாங்க."

"ஏன், நெழலுக்கு வாடகை கேக்குறாகளா?" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்தாள்.

"இந்த வண்டி கல்லுலதான் நிக்குது. செல்ப் எடுக்காது. ஊத்துப்பட்டி விலக்குல கால் போச்சுல்ல, அதுவும் இப்படி நிறுத்துன வண்டிதான்."

"நீ யாரு, இதெல்லாம் சொல்றதுக்கு?"

பாண்டிமீனா காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இந்த ஏழு வண்டிக்கும் பேட்டரி பாக்குறவ" என்றாள்.

இரண்டு பேர் எழுந்து தள்ளிப் போனார்கள். வாடகை கேட்டவள் எழவில்லை. வெயிலில் நிற்க முடியாது, போ என்றாள். பாண்டிமீனா போகவில்லை. சக்கரத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில், கல்லைப் பார்த்தபடி, டிரைவர் வந்து ஏறுகிறவரை வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.